ஒட்டிப்போன இரண்டு பக்கங்கள்

நேற்று பேத்தியின் பதினோரு புத்தகங்களுக்கு அட்டை போட்டேன். சோற்றுப்பசையின் புளித்த வாடை என்னை நல்லம்பள்ளி வீட்டுக்கே கொண்டுபோய்விட்டது.

அக்கா அப்போது பத்தாம் வகுப்பு. பரீட்சையில் தவறினால் இண்டூர் மாமனுக்குக் கட்டிக்கொடுத்துவிடுவதாக அப்பா சொல்லியிருந்தார். பழைய வரலாற்றுப் புத்தகத்தின் கிழிசல்களைச் சோற்றுப்பசையால் ஒட்டித் தந்தவன் நான். அதில் ஒரு பாடத்தில், போருக்குப் போர் தேய்ந்த ரோமப் பேரரசுக்கு மிஞ்சியது கான்ஸ்டாண்டிநோபிள் ஒன்றுதான். துருக்கியரின் பீரங்கிகள் அதன் மதிலை இடிக்கத் தொடங்குவதோடு எண்பத்தைந்தாம் பக்கம் முடிந்தது. திருப்பினால் வேறு பாடம்.

"அப்பறம் என்னாச்சுக்கா?"

"என்னாவும்? ரெண்டு மதிலு, ஒரு அகழிடா. சலிச்சித் திரும்பியிருப்பாங்க."

பரீட்சையிலும் அப்படியே எழுதினாள். ஆறு மார்க்கில் தவறினாள். ஆவணியில் கல்யாணம் முடிந்தது. பிறகொரு நாள், என் பசையில் ஒட்டியிருந்த இரண்டு பக்கங்களை நனைத்துப் பிரித்தேன். உள்ளே நகரம் விழுந்து கிடந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

நாற்பது வருடம் கழித்து, நேற்றுதான் அக்காவிடம் போனில் சொன்னேன்.

"நம்ப புக்குல அந்த ஊரு உழுவலயேடா," என்றாள். "வுடு."