நெலிடா ஒட்டிய தாள்

உருகுவே ஆற்றங்கரையில் உள்ள அந்தச் சின்ன ஊரின் கல்லறைத்தோட்டத்துக்கு நெலிடா பெருத்தி பதினெட்டு வருஷமாகப் பொறுப்பாளர். வயது ஐம்பத்தாறு. கல்யாணத்தை ஒருமுறை செய்து பார்த்து, போதுமென்று விட்டவள்.

ஞாயிற்றுக்கிழமை அங்கே வருகிறவர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. செத்தவர்களோடு பத்து நிமிஷத்துக்கு மேல் பேச முடியாது. எதிராளி வாய் திறந்தால்தானே பேச்சு வளரும்? மிச்ச நேரத்துக்கு அவர்களுக்கு நெலிடாதான் கிடைப்பாள். "அப்புறம், என்ன நடக்குது நெலிடா?" என்று ஒரே காலையில் நாற்பது பேர் கேட்பார்கள். நாற்பது முறையும் அதே பதிலைச் சொல்லித் தாடை வலித்த ஒரு நாள், அவள் ஒரு தாளில் எழுதி வாசல் பலகையில், 'நாய்களுக்கு அனுமதி இல்லை'க்குக் கீழே ஒட்டிவிட்டாள்.

"வேலை: ஏழாம் வரிசைக் குழாய் ஒழுகுகிறது. நானும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.
பொழுதுபோக்கு: தக்காளி. எங்கே நட்டேன் என்று கேட்காதீர்கள்.
படிப்பு: அக்கார்டியன்.
பயணம்: இல்லை."

அக்கார்டியனை வீட்டில் வாசித்தால் பக்கத்து வீட்டுக்காரன் சுவரைக் குத்தினான். அதனால் பெட்டியைக் கல்லறைத்தோட்டத்துக்கே தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். இங்கே யாரும் எழுந்து வந்து சண்டை போடவில்லை.

"ஏன்டி, ரெண்டு மாசமா ஒரே பாட்டை வாசிக்கிறியே," என்றாள் வாசலில் பூக்கடை வைத்திருக்கும் ஸுல்மா. "கேக்குறவங்கெல்லாம் ஏற்கெனவே செத்தாச்சுங்கிற தைரியமா?"

மாதாமாதம் புதுத் தாள் ஒட்டினாள். மூன்றாவது மாதம்தான் வாஷிங்டன் ஒலிவேராவைக் கவனித்தாள். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி மிர்தா போன வருஷம் இறந்துபோனாள். ஞாயிறு தவறாமல், வெந்நீர் பிளாஸ்க்கைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மாத்தே என்கிற கசப்புத் தேநீரைக் குடுவையிலிருந்து உறிஞ்சியபடி வருவார். அன்றைக்கு மிர்தாவின் கல்லறை முன்னால் நின்று கண்ணாடியை மாட்டி, ஒரு துண்டுச் சீட்டைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தார்.

"வாஷிங்டன், அது என் பேப்பராச்சே?"

"ஆமா, பாத்து எழுதிக்கிட்டேன். வேற என்னத்தச் சொல்றது இவகிட்ட? எந்திரிச்சேன், மாத்தே குடிச்சேன், தூங்குனேன்னா? உசிரோட இருந்தப்பவே அதைக் கேட்டுக் கொட்டாவி விடுவா. அடுத்த வீட்டுக் கதைன்னா மட்டும் காதைத் தீட்டிக்குவா." சீட்டை மடித்தார். "ஆனா இந்த 'பயணம்: இல்லை'ங்கிறத மூணு மாசமா வாசிக்கிறேன். மிர்தாவுக்கே சலிச்சுப்போச்சு."

"அவங்களே சொன்னாங்களாக்கும்?"

"சொல்லணுமா? முப்பத்தொன்பது வருஷம் குடித்தனம் பண்ணியிருக்கேன். அவ பேசாம இருக்கிற தினுசுலயே தெரியும்."

செத்தவளுக்கே சலித்துப்போன வாழ்க்கை என்றால் ரோஷம் வராதா? நெலிடா ஓய்வூதியக்காரர் சங்கத்து பஸ்ஸில், வடக்கே வெந்நீர் ஊற்றுக்கு மூன்று நாள் கிளம்பிவிட்டாள். அங்கே குளத்தில் கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்திருந்தபோது, வெளியூர்க்கார அம்மாள் ஒருத்தி பேச்சுக் கொடுத்தாள்.

"நீங்க என்ன வேலை பாக்குறீங்க?"

"கல்லறைத்தோட்டத்துல."

"ஓ, ஆபீஸ் வேலையா?"

"ஆபீஸும் உண்டு, குழியும் உண்டு."

அந்த அம்மாள் தன் கையைத் தண்ணீரிலிருந்து எடுத்து ஒருமுறை பார்த்தாள். கால் மணி நேரத்தில் குளம் காலி. நெலிடா கையையும் காலையும் பரப்பிப் போட்டு, மல்லாந்து மிதந்தாள். அவ்வளவு சுகமாக அவள் கடைசியாக எப்போது இருந்தாள் என்று அவளுக்கே ஞாபகம் வரவில்லை.

"பயணம்: வெந்நீர் ஊற்று. கூட்டம் இருந்தது. வேலையைச் சொன்னேன், கலைந்தது" என்று எழுதி ஒட்டினாள். ஊரே சிரித்தது. சிரிப்பு நகராட்சி வரைக்கும் போய்விட்டது. திங்கட்கிழமை புதுக் கண்காணிப்பாளர் ஃபெரேய்ரா இறுக்கிய டையோடு வந்து நின்றார்.

"இது அரசாங்கப் பலகை. சொந்தக் கதை எழுதுற இடமில்ல. அந்தத் தக்காளி எங்க நட்டீங்க?"

"மண்ணுலதாங்க."

தாளைக் கிழித்து எடுத்துக்கொண்டு போனார். அடுத்த ஞாயிறு வாஷிங்டன் வெறும் பலகை முன்னால் நின்றார். மிர்தாவிடம் போனவர் ஐந்தே நிமிஷத்தில் திரும்பி வந்தார்.

"நட்டுவெச்ச கம்பம் மாதிரி நின்னுட்டு வர்றேன். வாய்லயாவது ஏதாச்சும் சொல்லேன், நெலிடா."

கண்காணிப்பாளர் மேலிருந்த கோபம் வாஷிங்டன் தலையில் விடிந்தது. "உங்களுக்குன்னு ஒரு சேதியும் கிடையாதா? புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் சேந்து என் வாழ்க்கையத்தான் தின்னுட்டிருக்கணுமா?"

அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு போய்விட்டார். அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. ஸுல்மா தன் கடைச் சுவரைத் தாளுக்கு விட்டுக்கொடுத்தாள். அது நகராட்சிச் சுவர் இல்லை, ஃபெரேய்ராவால் முறைக்கத்தான் முடிந்தது. ஆனால் நெலிடாவுக்கு எழுத ஓடவில்லை. மிர்தாவின் கல்லறையில் வாடிக்கிடந்த பூவை எடுத்துவிட்டு, தன் காசில் புதுக் கார்னேஷன் வைத்தாள். "வாய் நீளம் எனக்கு, மன்னிச்சுக்கோங்க," என்றாள். மிர்தா பேசாமல் இருந்தாள். அது எந்தத் தினுசு என்று நெலிடாவுக்குப் புரியவில்லை.

மூன்றாவது ஞாயிறு, பிளாஸ்க்கும் குடுவையுமாக வாஷிங்டன் வந்து சேர்ந்தார். கட்டைவிரலில் பெரிய கட்டு.

"என்னாச்சு?"

"சமையல் கத்துக்கிறேன். சங்கத்துல வகுப்பு நடக்குது, பன்னெண்டு பொம்பளைங்க, நான் ஒருத்தன். பருப்புக் குழம்பு வெச்சேன். தீயணைப்பு வண்டி வந்துச்சு." முகம் மலர்ந்திருந்தது. "வாத்தியாரம்மா என்னை வெளிய போகச் சொன்னாங்க. நான் போகல."

"வாஷிங்டன், அன்னிக்கு நான் பேசினது..."

"தள்ளு, தள்ளு. உங்கிட்டச் சொல்ல நேரமில்ல. முதல்ல அவகிட்டச் சொல்லணும்."

வேகமாக நடந்து போய், கல்லறை ஓரத்தில் உட்கார்ந்து ஆரம்பித்தார். கையை ஆட்டினார், வாத்தியாரம்மா மாதிரி கத்திக் காட்டினார், கட்டை அவிழ்த்து விரலைக் காட்டினார். மற்றவர்களெல்லாம் கிளம்பிப் போனார்கள். சாத்துகிற நேரம் வந்தது. நெலிடா மணியை அடித்தாள். அவர் திரும்பவில்லை. பக்கத்தில் போய் அடித்தாள்.

"வாஷிங்டன், கதவைச் சாத்தணும். ஒண்ணரை மணி நேரமாச்சு. அவங்களைக் கொஞ்சம் பேச விட்டீங்களா?"

"அவ முப்பத்தொன்பது வருஷம் பேசியாச்சு," என்றார் அவர். "அந்த வண்டிக்காரன் தண்ணியத் திறந்த கட்டத்துல இருக்கேன். அஞ்சு நிமிஷம் பொறு."

நெலிடா மணியைக் கீழே வைத்துவிட்டு, அவளும் உட்கார்ந்து கேட்டாள்.