எதிர் வீட்டுக்காரரின் ஓவர்டைம்

அப்போது எனக்குக் கல்யாணமாகி எட்டு மாதம். நெய்வேலியில் ஒரு குவார்ட்டர்ஸ், ஒரு சைக்கிள், ஒரு மனைவி. மூன்றையும் எப்படி வைத்துக்கொள்வது என்று பழகிக்கொண்டிருந்தேன். அந்தச் சமயத்தில்தான் என் மனைவி தினமும் ஒரு கேள்வி கேட்க ஆரம்பித்தாள்.

"என்னாங்க, எதிர்வூட்டுக்காரருக்கு நாளைக்கு ஓவர்டைமா?"

எதிர் வீட்டுக்காரர் சுரங்கத்தில் என் ஷிப்டு. ஆறடி உயரம், சுருட்டை முடி, இடுப்பில் அகலமான தோல் பெல்ட். எனக்கு ஐந்தடி நான்கு அங்குலம். முடியைப் பற்றிப் பேச வேண்டாம். முதல் வாரம் பதில் சொன்னேன். இரண்டாவது வாரம் கண்ணாடி பார்த்தேன். மூன்றாவது வாரம் பக்கத்து வீட்டம்மாவும் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து அதையே கேட்டார். எங்கள் குவார்ட்டர்ஸ் வரிசைப் பெண்கள் முழுக்கவா?

இதற்கு நடுவே இன்னொரு குழப்பம். அந்த எதிர் வீட்டில் வேலைக்கு ஒரு சிறுமி இருந்தாள். பத்து வயதிருக்கும், குள்ளஞ்சாவடிப் பக்கம். எங்கள் வரிசையில் காப்பித்தூள், இட்லிப் பானை, இஸ்திரிப் பெட்டி எல்லாமே இரவல்தான். இப்போது அந்தப் பெண்ணையும் இரவல் கேட்டார்கள். "அக்கா, மாவாட்ட ஆளில்ல, பாப்பாவக் கொஞ்சம் அனுப்புங்க." எங்கள் வீட்டுக்கு வந்தவள் மாவாட்டவில்லை. பாயில் படுத்துத் தூங்கினாள். என் மனைவி சத்தம் வராமல் மாவாட்டினாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்காதபோது எனக்குச் சந்தேகம்தான் வரும்.

அடுத்த முறை கேட்டபோது வேண்டுமென்றே பொய் சொன்னேன்.

"நாளைக்கு டபுள் டியூட்டி. ராத்திரிதான் வருவாரு. ஏன், ஏமாத்தமா?"

மறுநாள் மதியம் இரண்டரை மணிக்கு நானும் அவரும் ஒன்றாகத்தான் சைக்கிளில் வந்து இறங்கினோம். வாசலில் நின்ற என் மனைவியின் முகத்தைப் பார்த்தேன். நான் எதிர்பார்த்த முகம் அது இல்லை. அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். இவள் காலி டம்ளர் ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். "அக்கா, காப்பித்தூளு... இல்ல, பாப்பா... அக்கா!"

உள்ளே பெல்ட்டின் சத்தம் கேட்டது. பிறகு சிறுமியின் குரல்.

வீரன் ஒருவன் கதவை உடைத்திருப்பான். நான் சைக்கிள் மணியை அடித்தேன். விடாமல் அடித்தேன். கதவு திறந்தது.

"என்னாய்யா?"

"ஒண்ணுமில்லீங்க. மணி நல்லா அடிக்குதான்னு பாத்துகினு இருக்கேன்."

அவர் என்னைப் புழுவைப் போலப் பார்த்த நேரத்தில் சிறுமி அவர் கைக்குக் கீழே நுழைந்து என் மனைவியிடம் ஓடிவிட்டாள். முழங்கைக்கு மேலே இரண்டு தடிப்புகள்.

அன்றுதான் என் மனைவி எனக்கு விவரம் சொன்னாள். "ஷிப்டு முடிச்சி வந்ததும் பெல்ட்டக் கழட்டுவாராம். காப்பி ஆறிப்போனாலும் அடி, சுட்டாலும் அடி. அவரு கிளப்புக்குப் போற வரைக்கும் நாலு வூடும் மொற வச்சி அவரு கண்ணுல படாம வச்சிருக்கோம். ஓவர்டைம்னாதான் புள்ளய அங்கயே விடுவோம்."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா கேன்டீன்ல அதையும் சிரிப்பாக்கிடுவீங்க. இருக்கட்டும், ஏன் பொய் சொன்னீங்க?"

"சுருட்டை முடி," என்றேன். அவளுக்குப் புரிய நேரமாயிற்று. புரிந்த பிறகும் அவள் சிரிக்கவில்லை.

சிறுமிக்குத் தன் ஊர்ப் பெயர் மட்டும்தான் தெரியும். அப்பாவின் விலாசத்தை யாரிடம் இரவல் கேட்பது? எதிர் வீட்டுக்காரரின் மனைவியிடமேதான். அவர் வேலியோரம் துணி காயப்போட்டபடி, முகத்தைத் திருப்பாமல் சொன்னார். நான்கு பெண்கள் நான்கு விதமாகச் சொல்ல, மகளை வந்து கூட்டிப்போகும்படி அப்பாவுக்கு நான் ஒரே கார்டில் எழுதினேன்.

அப்பா வந்து சேரும்வரை அந்த முறையில் எனக்கும் ஒரு வேலை ஒதுக்கினார்கள். ஷிப்டு முடிந்ததும் அவரை முடிந்தவரை தாமதப்படுத்த வேண்டும். சைக்கிள் ஸ்டாண்டில் அவர் டயரின் காற்றைப் பிடுங்கிவிட்டு, பம்பை நானே தேடிக் கொடுத்தேன். தேடும்போது கதைகள் சொன்னேன். "நீ நல்ல ஆளுய்யா," என்று தோளில் தட்டினார். அந்தக் கை பட்ட இடம் ராத்திரி வரை கூசியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வடலூர் பஸ்ஸில் அப்பா வந்தார். எங்கள் வீட்டில் மகளின் கையைப் பார்த்தார். கொடுத்த தண்ணீரைக் குடிக்கவில்லை. எதிர் வீட்டம்மா சிறுமியின் இரண்டு பாவாடைகளை மடித்து வேலிக்கு மேலாக நீட்டினார். அப்பாவும் மகளும் பஸ்ஸுக்கு நடந்தார்கள். அவள் ஒருமுறை திரும்பி, சைக்கிள் மணி அடிப்பது போலக் கட்டைவிரலை ஆட்டிக் காட்டினாள்.

திங்கட்கிழமை ஷிப்டு முடிந்தது. பழக்கதோஷம், கை தானாகவே அவர் டயருக்குப் போய்விட்டது. காற்று சீறும் சத்தத்தில் நிமிர்ந்தால், பின்னால் அவர் நிற்கிறார்.

"ஏய்யா, எதுக்குய்யா என் சைக்கிள்ல காத்தப் புடுங்கறே?"

எத்தனையோ கதை வைத்திருந்தேன். "தெரியலீங்க," என்றேன். பம்பை எடுக்காமல், என் சைக்கிளையும் அங்கேயே விட்டுவிட்டு, வீடுவரை ஓடினேன்.