பசிபிக்கில் உதித்த சூரியன்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ராஜபாளையத்துப் பள்ளி ஒன்றில் புவியியல் ஆசிரியனாக இருந்தேன். அதுவரை நான் போயிருந்த அதிகபட்ச தூரம் கன்னியாகுமரி. ஆனாலும் உலகப்படத்தின் முன் குச்சியோடு நின்றால், எல்லாக் கடலையும் நீந்திப் பார்த்தவன் போல ஒரு மிதப்பு வந்துவிடும்.

மத்திய அமெரிக்கப் பாடம் வந்தபோது, ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் தெருக்காரரான பாய் ஒருவர் விடுப்பில் வந்திருந்தார். கப்பலில் சமையல்காரர், பனாமா கால்வாயைப் பலமுறை கடந்தவர். வகுப்பில் வந்து நாலு வார்த்தை பேசும்படி கூப்பிட்டேன். தேய்த்த வெள்ளைச் சட்டையில், தயங்கியபடியே வந்தார்.

அருமையாகப் பேசினார். தொட்டி தொட்டியாகத் தண்ணீரை நிரப்பி அவ்வளவு பெரிய கப்பலைப் படியேற்றுவது, கரீபியன் கரையின் ஓயாத மழை, பாசி படிந்த பழைய பீரங்கிக் கோட்டை, தென்னை மட்டுமே நிற்கும் குட்டித் தீவுகள், அங்கே பெண்கள் துணிமேல் துணி வைத்து வெட்டித் தைக்கும் பறவை உருவங்கள் என்று எல்லாம் சொன்னார். பிள்ளைகள் வாய் பிளந்து கேட்டார்கள். எனக்கு லேசாகப் பொறாமை. அப்போதுதான் அவர், பசிபிக் பக்கம் நங்கூரம் போட்டு நின்ற ஒரு காலையில் சூரியன் அந்தக் கடலிலிருந்தே எழுந்ததைப் பார்த்ததாகச் சொன்னார்.

அமெரிக்காவுக்கு மேற்கே அல்லவா பசிபிக்? ஆள் மாட்டிக்கொண்டார் என்று நினைத்தேன்.

“அடுப்படியில நின்னுருப்பீக பாய், தெச தெரிஞ்சிருக்காது” என்றேன்.

வகுப்பு சிரித்தது. “சார் சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்று அவர் பேச்சை முடித்துக்கொண்டார்.

மறுவாரம் தேர்வுக்காகப் பனாமாவைப் பெரிதாக வரைந்தபோது என் கை நின்றது. அந்த நிலம் வடக்குத் தெற்காக இல்லை. வளைந்து படுத்துக் கிடந்தது. கால்வாயின் பசிபிக் முனை, அட்லாண்டிக் முனைக்குத் தென்கிழக்கே இருந்தது. அங்கே நங்கூரம் போட்டு நிற்பவருக்குக் கிழக்கே தெரிவது பசிபிக்தான்.

அவர் வீட்டுக்கு ஓடினேன். முந்தின நாளே பம்பாய்க்குக் கிளம்பிவிட்டாராம். “சார் நல்லா மரியாத பண்ணாவன்னுதான் அவிய சொன்னாவ” என்றார் அவர் மனைவி. அதற்கு அவர் என்னைத் திட்டியிருக்கலாம்.

வகுப்பில் தவறை ஒப்புக்கொண்டேன். அந்த வருடம் நான் நடத்தியதில் பிள்ளைகள் மறக்காத ஒரே பாடம் அதுதான். பிறகு நான் எதைக் கிழக்கு என்றாலும், நிச்சயமா சார் என்று ஒரு குரல் கேட்கும்.

அடுத்த விடுப்பில் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

“எனக்கும் மொதல்ல நம்பிக்கை வரல சார். கப்பல் ஆபீசர்ட்ட கேட்ட பொறவுதான் நம்புனேன். ஒங்களுக்குக் கேக்க ஆளில்ல, பாவம்” என்றார்.

கேட்க வேண்டிய ஆள் அன்று என் முன்னாலேயே நின்றிருந்தார். மறுபடி வகுப்புக்கு வரச் சொன்னேன். வந்தார். நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து நோட்டில் எழுதிக்கொண்டேன்.