அத்திமரத்தில் ஓர் உரச்சாக்கு

காலை ஐந்து பத்துக்கு நான் முதலில் பார்த்தது ஒரு பசுவின் பின்புறம். நியூசிலாந்தில் அது என் முதல் வாரம். ஆகஸ்ட் மாதம் போடியில் காற்று ஆளைத் தள்ளும். இங்கே குளிர் ஆளை மடக்கியது. கெவின் என்ற பண்ணைக்காரர் டார்ச் பிடிக்க, தோள்வரை கையை உள்ளே விட்டு, மடங்கியிருந்த கன்றின் முன்காலை நேராக்கி இழுத்தேன். கன்று விழுந்தது, தும்மியது, எழுந்து நிற்கப் பார்த்தது. "நாட் பேட்" என்றார் கெவின். இந்த நாட்டில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது என்பது அப்போது தெரியாது. குறை சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அவர் மற்ற மாடுகளைக் கறக்கப் போய்விட்டார்.

சற்று நேரத்தில் நஞ்சுக்கொடி விழுந்தது. பக்கத்தில் ஒரு காலி உரச்சாக்கு கிடந்தது. போடிக்குப் பக்கத்தில் ராசிங்காபுரத்தில் எங்கள் வீட்டு மாடு கன்று போட்டால், கொடியைச் சாக்கில் கட்டி ஊருக்கு வெளியே ஆலமரத்தில் தொங்கவிடுவோம். பால் வடியும் மரத்தில் தொங்கினால் மாடும் நன்றாகக் கறக்கும் என்பது நம்பிக்கை. கெவினிடம் ஆலமரம் இல்லை. வீட்டை ஒட்டி இலை உதிர்ந்த அத்திமரம் ஒன்று நின்றது. கிளையை நகத்தால் கீறினேன், பால் கசிந்தது. கொடியைச் சாக்கில் போட்டு அதில் கட்டிவிட்டுக் கை கழுவினேன். மாட்டு மகப்பேற்றில் முதுகலைப் பட்டம் வாங்கியவன் செய்த காரியம் இது. அந்த மரத்துப் பழத்தில்தான் கெவினின் மனைவி மார்கரெட் ஜாம் செய்வார் என்பதும், கிளை அவர் சமையலறை ஜன்னலுக்கு நேர் எதிரே இருந்ததும் பிறகு தெரிந்தவை.

அந்தப் பட்டத்தை என்ன செய்வது என்று எழுபதுகளின் கடைசியில் போடியில் ஒரு பெரிய கூட்டமே நடந்தது. கூட்டம் என்றால் அப்பாவும், போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டம் வைத்திருந்த தாய்மாமாவும்.

"மனுச டாக்டருக்குப் படிச்சவன் முடிச்சிட்டுப் போர்டு மாட்டிட்டான். நீ மாட்டுக்கு இன்னும் படிக்கிற. மாடு என்ன அம்புட்டுக் கஷ்டமான பாடமா மாப்ளே?" என்றார் மாமா.

"மலையில கவர்மெண்டு மாட்டாஸ்பத்திரில டாக்டர் வேல காலியாக் கெடக்காம்ல, வெரசா எழுதிப் போடு அப்பு" என்றார் அப்பா.

மலை மருந்தகம் என்றால், தோட்டத் தொழிலாளர்களை அடைத்துவரும் ஜீப்பில் அவர்கள் மடிமேல் உட்கார்ந்து போக வேண்டும். கல்லூரியில் விரிவுரையாளர் ஆகலாம். அங்கே இருப்பவர் யாராவது ஓய்வு பெற வேண்டும். மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி வேலையை மாமா ஒரே கேள்வியில் முடித்தார்: "தொழுவத்துக்கு டை கட்டிக்கிட்டா போவ? மாடு மெரளும்டா." வங்கியில் கறவை மாட்டுக் கடன் பிரிவு இருந்தது. "அது செத்த மாட்டுக் காதுல இன்சூரன்ஸ் வில்லையப் பாத்துக் கையெழுத்துப் போடுற சோலி" என்றார். வெளிநாடு போகிறேன் என்றதும் சிரித்தார். "ஒரு சீசன் தாங்குவ. அப்புறம் அவனே பஸ்சு ஏத்தி விட்ருவான்." நியூசிலாந்திலிருந்து போடிக்குப் பஸ் இல்லை என்பதை அவருக்குச் சொல்லவில்லை. நான் கிளம்பியதும் மலை மருந்தகம் என் வகுப்புத் தோழனுக்குப் போனது. திரும்பினால் எனக்கு நாற்காலி இல்லை.

இங்கே எனக்குச் சம்பளம் தந்தது வெட் கிளப், அதாவது பண்ணைக்காரர்களே சேர்ந்து டாக்டர் வைத்துக்கொள்ளும் சங்கம். கன்று சீசன் முடியும்வரை வேலை தற்காலிகம். வைத்துக்கொள்வதும் அனுப்புவதும் கமிட்டியின் இஷ்டம். கமிட்டித் தலைவர் கெவின். சனிக்கிழமை கூப்பிட்டார்கள்.

"என் மனைவியின் மரத்தில் என்ன தொங்குகிறது, டாக்டர்?"

சொன்னேன். பாலுக்காக என்றும் சொன்னேன். கமிட்டியின் ஐந்து பேரும் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்கள்.

"பால் கூடுமா?"

கூடும் என்றால் மந்திரவாதி. கூடாது என்றால் பின் ஏன் கட்டினாய் என்பார்கள். ஆராய்ச்சி மாணவனாக யோசித்தேன். "தெரியாது. எங்கள் ஊரில் யாரும் கட்டாமல் இருந்ததில்லை. ஒப்பிட்டுப் பார்க்க மாடு கிடைக்கவில்லை."

முதலில் சிரித்தவர் மூலையிலிருந்த கிழவர். கெவின் சிரிக்கவில்லை. இனி விழும் கொடியையெல்லாம் நான் குழியில் புதைக்க வேண்டும் என்றார். பிறகு, "நாட் பேட்" என்றார். இந்த முறை எனக்குப் புரிந்தது. வேலை நிரந்தரமானது. அந்தப் பசு அந்த வருடம் நன்றாகக் கறந்தது. ஏன் என்று எனக்குத் தெரியாது.

அடுத்த வருட விடுமுறையில் ராசிங்காபுரம் வந்தேன். வந்த வாரமே அப்பாவின் எருமை கன்று போட்டது. நான் மண்வெட்டியை எடுத்துத் தொழுவத்துக்குப் பின்னால் குழி வெட்டத் தொடங்கினேன். ஒரு சீசன் முழுக்கச் செய்த வேலை, யோசிக்கவே இல்லை. அப்பா கையில் சாக்கோடு நின்றார்.

"என்னப்பு பண்ற?"

"கொடியப் பொதைக்கிறேன்ப்பா."

கன்று பார்க்க வந்திருந்த மாமா விடுவாரா? "பாத்தீங்களா மச்சான், வெள்ளக்காரன் பழக்கத்த? அவன் ஊர்ல குழிதான் போல."

"இல்ல மாமா, அங்க மரத்துல கட்றாங்க."

நான் புறப்பட்டு வந்தபோது கெவின் வீட்டு அத்திமரத்தில் அவரே கட்டிய நான்கு சாக்குகள் தொங்கின. மார்கரெட் ஜன்னலுக்குத் திரை தைத்துவிட்டார்.