ஜோசப்பின் மூடாத திரை

மெர்சியின் அப்பா யேசுதாஸ் அடுத்தவர் கழனியில் நாற்று நட்டவர். மகள் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு வார்க்கிற ஆலை ஒன்றில், ஏசி அறையில் உட்கார்ந்து சர்வரைக் கட்டி மேய்க்கிறாள். கொஞ்சம் வாய்க்கொழுப்பு உண்டு. ஆனால் வேலையில் கெட்டி. எட்டு வருடமாக அவள் மேல் ஒரு சொல் விழுந்ததில்லை.

விழுந்தது போன மாதம்தான். ஆலையில் வரைபடம் போடுகிறவர்கள் எல்லாருக்கும் ஒரே சர்வர். வேலை அதற்குள் நடக்கும். அவரவர் மேசைக்கு அதன் படம் மட்டும் கம்பி வழியே வந்து சேரும். அதற்கு க்னோம் என்ற பகட்டான டெஸ்க்டாப்பை ஆசைப்பட்டுப் போட்டுவைத்தது மெர்சியேதான். ஒரு ஆளுக்கு அது அழகு. பதினான்கு பேருக்கு யானையைக் கட்டித் தீனி போட்ட கதை. மவுஸை நகர்த்தினால் அம்புக்குறி ஆற அமர வந்து சேர்ந்தது.

"வெள்ளிக்கிழமைக்குள்ள சரி பண்ணலன்னா வெளி கம்பெனிக்குக் குடுத்துடுவேன்" என்று மேலாளர் துளசிராமன் சொல்லிவிட்டார். கொடுத்தால் மெர்சியின் வேலையும் கூடவே போகும்.

மூன்று டெஸ்க்டாப்புகளைப் போட்டுப் பார்த்தாள். அவற்றில் எக்ஸ்எஃப்சிஇ என்பது பார்வைக்குச் சாதாரணம்தான். ஆனால் சொன்ன சொல்லுக்கு ஓடியது. அதையே முடிவு செய்தாள். மாற்றுவதற்கு முன்னால் திறந்திருக்கும் திரைகளை எல்லாம் மூட வேண்டும். இங்கே ஒருவருக்கும் லாக் அவுட் செய்கிற பழக்கம் கிடையாது. மூலையில் இருக்கும் பெருக்கல் குறியை அழுத்திவிட்டு பஸ் பிடிக்க ஓடுவார்கள். சர்வருக்குள் அந்தத் திரை விட்டது விட்டபடி திறந்தே கிடக்கும்.

வெள்ளிக்கிழமை பகல் ஒரு மணிக்கு எல்லாரும் சாப்பிடப் போனதும் ஒவ்வொன்றாக மூடினாள். பதினான்கும் முடிந்தது. பதினைந்தாவதாக ஒன்று மிச்சம் நின்றது. ஜோசப்புடையது.

ஜோசப் இறந்து நாற்பத்தோரு நாள் ஆகியிருந்தது. நெஞ்சுவலி, எளாவூர் வீட்டு வாசலிலேயே உயிர் போய்விட்டது. அவர் கணக்கை அன்றைக்கே மூடியிருக்க வேண்டியவள் மெர்சி. எட்டு வருடம் பக்கத்து மேசைக்காரர், கூடப்பிறந்த அண்ணன் போல. கை வராமல் தள்ளிப்போட்டுவிட்டாள்.

திரையைத் திறந்தாள். பாதி அடித்த விடுப்புக் கடிதம். 'என் மகள் ஏஞ்சலின் புதுநன்மை சர்ச் விழாவுக்காக எனக்கு இரண்டு நாள்' என்பதோடு நின்றிருந்தது. அதன்மேல் அம்புக்குறி நகர்ந்துகொண்டிருந்தது.

மெர்சி மவுஸிலிருந்து கையை எடுத்தாள். அது நிற்கவில்லை. எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளையின் விரல் மாதிரி ஒவ்வொரு சொல்லின் அடியிலும் மெதுவாகப் போய், 'இரண்டு நாள்' வந்ததும் நின்று, மறுபடி முதல் வரிக்குத் திரும்பியது.

பயந்தாலும் வேலை தெரிந்தவள். யார் யார் இணைந்திருக்கிறார்கள் என்று பார்த்தாள். தான் ஒருத்தி, வரைபடங்களைப் பார்த்துக்கொள்ள ஜோசப் ஆலை சர்வரோடு இணைத்துவைத்திருந்த வீட்டு லேப்டாப் ஒன்று. போன மூச்சு திரும்பி வந்தது. ஜோசப்பின் மனைவி ரோசம்மாளுக்குப் போன் போட்டாள்.

"அக்கா, லேப்டாப்ப பாத்துக்கினு கீறியா?"

"ஆமா மெர்சி. தெனம் ஒரு மணிக்குத் தொறந்து வெச்சிப்பேன். அவரு எனக்குப் போன் பண்ற நேரம். தப்பா?"

"தப்பு இல்லக்கா. மவுஸ மட்டும் நவுத்தாத. நான் பயந்தே பூட்டேன்."



"நா எங்க நவுத்தறேன்? ஏஞ்சலு கைய வெச்சிடும்னு, பாக்க மட்டுந்தான் முடியும்ற மாதிரி அவரே செட்டிங் பண்ணி வெச்சாரு. நீதான் எனக்குப் படிச்சிக் காட்டிக்கினு கீறேன்னு நெனைச்சேன். நாப்பது நாளா."

மெர்சி பட்டியலை மறுபடி பார்த்தாள். இரண்டே இரண்டு பேர். எளாவூர் லேப்டாப்புக்கு நேராக 'பார்க்க மட்டும்' என்றுதான் இருந்தது. அம்புக்குறி 'இரண்டு நாள்' வரைக்கும் வந்தது, நின்றது, திரும்பியது.

மூடாவிட்டால் பிழைப்பு போகும். மூடினால் இதுவும் போய்விடும். மெர்சிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"அக்கா, இத மூடியாவணும். மூடிட்டா திரும்ப வராது. இன்னா பண்றது, நீயே சொல்லு."

ரோசம்மாள் அழவில்லை. "லீவுதானே கேக்கறாரு? நாப்பது நாளா கேட்டுக்கினே கீறாரு. குடுத்துடு மெர்சி."

மெர்சி அந்த வரிக்குக் கீழே 'அனுமதிக்கப்பட்டது' என்று அடித்தாள். அம்புக்குறி அந்தச் சொல்லின் அடியில் ஒரே ஒருமுறை போனது. அதற்குப் பிறகு அசையவில்லை. அவள் லாக் அவுட் கொடுத்தாள்.