எங்கள் அலுவலகத்தின் மரியாதைக் குறைவு

செயற்கை நுண்ணறிவை அலுவலகத்தில் எல்லோரையும் பயன்படுத்த வைக்கும் பொறுப்பை மேனேஜர் என் தலையில் கட்டியபோது, கூடவே ஒரு பட்டமும் கொடுத்தார்: மாற்றத் தூதர். கழுத்தில் தொங்கவிட நீல நாடாவில் ஓர் அட்டையும் வந்தது. ஐம்பதைத் தாண்டி, லோன்ஜி கட்டி, கன்னத்தில் தனாக்கா மரப்பட்டைச் சாந்து பூசி வேலைக்கு வருகிற எனக்கு அது ஆட்டுக்குட்டியின் கழுத்து மணி மாதிரி இருந்தது. கழற்றி வைக்கலாம் என்றால் மனிதர் தினமும் கழுத்தைப் பார்க்கிறார்.

யாங்கோனில், அலோன் பகுதித் துறைமுக வாசலுக்கு எதிரே, கப்பலில் சரக்கு அனுப்பித் தரும் அலுவலகம் எங்களுடையது. அதில் என் வேலை இங்கிலீஷ் மெயில். எங்களுடையது மிஷன் பள்ளியில் படித்த குடும்பம். ஆண்ட துரைகளிடமும், அவர்களுக்குப் பிறகு வந்த துரைகளிடமும் நல்ல இங்கிலீஷில் மன்னிப்புக் கேட்டே பரம்பரையாகப் பிழைத்தவர்கள். அலுவலகத்தில் அவரவர் தமக்குத் தெரிந்த இங்கிலீஷில் ஒரு மெயில் எழுதி என் மேசைக்குக் கொண்டுவருவார்கள். “உங்கள் சரக்கு ஏறவில்லை. கப்பல் போய்விட்டது” என்று மொட்டையாக இருக்கும். நான் மேலே ஒரு வணக்கமும் நடுவில் ஒரு வருத்தமும் கடைசியில் ஒரு நன்றியும் சேர்த்து அனுப்புவேன். அதனால் பர்மியர், தமிழர் எல்லோருக்கும் நான் சயாமா, அதாவது டீச்சர்.

மேனேஜர் மட்டும் மேடம் என்பார். அவர் முதலாளியின் மருமகன். சிங்கப்பூரில் ஏதோ பயிற்சி முடித்து வந்தவர். வந்த வேகத்தில் எங்களையெல்லாம் உட்காரவைத்து, “ஊழியர் எதிர்ப்பை வெல்வது எப்படி” என்று திரையில் படம் காட்டினார். யாரை வெல்ல வேண்டுமோ அவர்களிடமே திட்டத்தை விளக்கிய சேனாதிபதியை நான் அன்றுதான் பார்த்தேன். எதிர்ப்புக்குக் காரணம் பயம், அறியாமை, பழக்கம் என்றார். பாதியில் கரண்ட் போயிற்று. ஜெனரேட்டர் போட்டார்கள். அதன் இரைச்சலுக்கு மேல் அவர் கத்திக் கத்திப் பேசினார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எல்லோரும் “ஹொட்கே, ஹொட்கே” என்று தலையாட்டினோம்.

ஹொட்கே என்றால் சரி என்று அர்த்தம். யாங்கோனில் பிறந்தவர்களுக்குத் தெரியும், அது சம்மதம் இல்லை, மரியாதை. அதற்கு அடியில் ஆனாடே என்று ஒன்று இருக்கிறது. அடுத்தவர் மனம் நோகுமே, அவருக்குச் சங்கடமாகுமே என்று நினைத்து வாயைக் கட்டிக்கொள்வது. இந்த ஊரில் கல்யாணம், வியாபாரம், வாடகை வீடு எல்லாமே அதில்தான் ஓடுகிறது. சிங்கப்பூர்ப் பயிற்சியில் அதற்குப் படம் இல்லை போலிருக்கிறது.

பயிற்சி முடிந்தது. மெயில் எழுதித் தரும் அந்த மெஷினை ஒருவரும் தொட்டதாகத் தெரியவில்லை. மெயில்கள் வழக்கம்போல என் மேசைக்கே வந்தன. அதுவும் முன்பைவிட மோசமாக. “பெட்டி நனைந்தது. மழைக்காலம். என்ன செய்ய?” என்றெல்லாம். மாற்றத் தூதர் என்ற முறையில் நான் அவர்களைக் கடிந்துகொண்டேன். உள்ளுக்குள் குளிர்ந்துபோனேன். பின்னே என்ன? மெஷின் எழுதிவிட்டால் என் மேசை எதற்கு? அந்தப் பயம் எனக்கு முதல் நாளிலிருந்தே இருந்தது. மெயில் மொட்டையாக வர வர அது கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. எத்தனை மெஷின் வந்தாலும் மரியாதைக்கு என்னிடம்தான் வர வேண்டும் என்று தலைக்கனம்கூட ஏறியது.

மேனேஜருக்குப் பொறுமை போய்விட்டது. என்னை அறைக்குக் கூப்பிட்டார்.

“எதிர்க்கிறது யாருன்னு வெள்ளிக்கிழமை ஒரு பேர் சொல்லுங்க மேடம். அவங்களைத் தன்லியின் குடோனுக்கு மாத்திடறேன். ஒருத்தரை மாத்தினா மத்தவங்க சரியாயிடுவாங்க.”

தன்லியின் என்பது பாகோ ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஊர். பாலத்தில் வண்டிகள் நகரவே நகராது. குடோனுக்குத் தகரக் கூரை, கரண்ட் இருந்தால்தான் காற்று. என் சந்தேகமெல்லாம் கப்பல் பிரிவில் இருந்த ஒருத்தி மேல்தான். க்யிம்யிண்டைங்கிலிருந்து வருகிற தமிழ்ப் பெண், ரயில்வே வேலைக்கு வந்தவர்களின் வம்சம். வீட்டில் படுத்த படுக்கையாக மாமியார், பள்ளிக்கூடம் போகிற இரண்டு பிள்ளைகள். அவளைத் தன்லியினுக்கு அனுப்பினால் அந்த வீடு என்னாவது? ஆனால் இருப்பதிலேயே மொட்டை மெயில் அவளுடையதுதான். வெள்ளிக்கிழமைக்குள் அவளை எச்சரித்துவிட வேண்டும் என்று மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவள் இடத்துக்குப் போனேன்.

அவள் எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் கணக்குப் பிரிவுப் பெரியவர், நாங்கள் ஊலே என்று, மாமா என்று கூப்பிடுகிற பர்மியர், நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்திருந்தார். திரையில் மெஷின் எழுதிய மெயில். வணக்கம் இருந்தது, வருத்தம் இருந்தது, நன்றி இருந்தது. நான் எழுதுவதைவிட நன்றாகவே இருந்தது. இருவரும் பர்மியில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

“வருந்துகிறோம்னு இருக்கே, அதை எடு. அது சயாமாவோடது.”

“நன்றியையும் எடுத்துடவா ஊலே?”

“எடு, எடு. கஸ்டமர் பேரையும் எடுத்துடு. போன தடவை பேரை அப்படியே விட்டுட்டே, சயாமாவுக்கு வேலையே இல்லாமப் போச்சு.”

“ரொம்ப மொட்டையாப் போயிடுச்சே.”

“அப்பத்தான் அவங்க திட்டுவாங்க. திட்டினா முகமே தெளிஞ்சுடும், பாத்திருக்கியா?”

வந்த சுவடு தெரியாமல் திரும்பி, கீழே தேநீர்க் கடையில் போய் உட்கார்ந்தேன். முதலில் வந்தது கோபம்தான். எனக்குப் பிச்சை போடுகிறார்களா? மிஷன் பள்ளிக்காரிக்கு இவர்கள் மரியாதையைச் சுரண்டிச் சுரண்டி வேலை உண்டாக்கித் தருகிறார்களா? அவமானத்தில் காது சுட்டது. தேநீர் ஆறிய பிறகு அழுகை வந்தது. அலுவலகம் முழுக்க மெஷினைக் கரைத்துக் குடித்திருக்கிறது. எனக்கு ஒருத்திக்குத் தெரியக்கூடாது என்று, நல்ல மெயிலை உட்கார்ந்து கெடுத்துக்கொண்டிருக்கிறது. என் வாழ்நாளில் யாரும் எனக்காக இவ்வளவு மெனக்கெட்டதில்லை.

மேலே போய், “எல்லாம் பார்த்துவிட்டேன்” என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அவர்கள் முகத்தை எங்கே வைத்துக்கொள்வார்கள்? எனக்கும் ஆனாடே.

வெள்ளிக்கிழமை மேனேஜர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

“பேர் சொல்லுங்க மேடம்.”

“எல்லாரும் நல்லாவே பயன்படுத்தறாங்க சார்.”

“அப்ப எல்லா மெயிலும் ஏன் உங்க மேசை வழியாவே போகுது?”

உண்மையைச் சொன்னால் அலுவலகம் முழுவதையும் தன்லியினுக்கு ஏற்றிப்போக ஒரு ஃபெரியே பிடிக்க வேண்டியிருக்கும். எங்கள் ஊரில் ஃபெரி என்றால் படகு இல்லை, வேலையாட்களை ஏற்றிப்போகிற வண்டி.

“நான்தான் சார் விடல. எல்லாத்தையும் எங்கிட்டக் கொண்டு வாங்கன்னு சொன்னது நான்தான். எனக்கு அந்த மெஷின் மேல நம்பிக்கை இல்ல.”

அவர் முகத்தில் வருத்தம் வரும் என்று நினைத்தேன். வந்தது சந்தோஷம். படத்தில் மட்டும் பார்த்திருந்த நோயை ஒரு வழியாக நேரில் கண்டுவிட்ட டாக்டர் மாதிரி என்னைப் பார்த்தார்.

“பயம், அறியாமை, பழக்கம். உங்களுக்கு மூணுமே இருக்கு மேடம்” என்றார்.

நீல நாடாவைக் கழற்றி வாங்கிக்கொண்டு, என்னையே தன்லியினுக்கு மாற்றினார். அடுத்த வாரமே அது க்யிம்யிண்டைங்காரியின் கழுத்துக்குப் போயிற்று. புதிய தூதர் பொறுப்பேற்ற அன்றே எதிர்ப்பு முற்றிலும் நீங்கிவிட்டதாக மேனேஜர் மாமனாரிடம் சொன்னாராம். என்னை வழியனுப்ப ஊலே எல்லோருக்கும் மொஹிங்கா, மீன் குழம்பு ஊற்றிய அரிசி நூடுல்ஸ், வாங்கித் தந்தார். ஏன் போகிறேன் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. மீன் குழம்பு நன்றாக இருக்கிறது என்று மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டோம்.

தன்லியின் குடோனில் சென்னைக்குப் போகிற உளுந்து மூட்டைகள் கூரை வரைக்கும் இருந்தன. மூட்டைக்குச் சீட்டு ஒட்டுகிறவர்களை மேற்பார்வை பார்ப்பது என் வேலை. உளுந்திடம் மன்னிப்புக் கேட்கத் தேவையில்லை. யாரும் என்னைச் சயாமா என்று கூப்பிடவில்லை. வெயில் தகரத்தில் இறங்குகிற மதிய நேரங்களில், இவ்வளவுதானா என்று இருந்தது. கௌரவம் பார்க்காமல் சொல்கிறேன், மூட்டைகளுக்குப் பின்னால் போய் அழுதிருக்கிறேன்.

ஒரு நாள் மதியம் கைப்பேசியில் செய்தி வந்தது. க்யிம்யிண்டைங்காரி அனுப்பியிருந்தாள்.

“அன்புள்ள சயாமாவுக்கு வணக்கம். வேலை நேரத்துல தொந்தரவு பண்றதுக்கு ரொம்ப வருந்துறேன். மெஷின் இந்த மெயிலை இப்படி எழுதிடுச்சு. எங்களுக்கு என்ன பண்றதுன்னே தெரியல. கொஞ்சம் பாத்துக் குடுத்தீங்கன்னா புண்ணியமாப் போகும். மிக்க நன்றி.”

அடியில் மெயில் இருந்தது. “உளுந்து லேட். கப்பல் வரவில்லை. காத்திருக்கவும்.”

மெயிலிலிருந்து சுரண்டி எடுத்த வணக்கம், வருத்தம், நன்றி எல்லாம் எனக்கு வந்த செய்தியில் அதனதன் இடத்தில் இருந்தன. ஒரு மூட்டை மேல் உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகத் திரும்ப மெயிலில் சேர்த்தேன்.

“என்ன மெஷின் இது, கொஞ்சங்கூட மரியாதையே தெரியலையே” என்று திட்டி அனுப்பினேன்.

“ஹொட்கே சயாமா” என்று உடனே பதில் வந்தது. “நாளைக்கும் ஒண்ணு இருக்கு.”