குசினிக் குழாயில் பூட்டிய சென்சர்

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கரண்டைப் பற்றி எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: ஈரக் கையால் தொடக்கூடாது. அப்படிப்பட்ட நான் போன மாசி மாதம் ஸிங்குக்குக் கீழே தலையை விட்டுத் தண்ணீர்க் குழாயில் வயர் பூட்டினேன் என்றால், அது கெட்டித்தனம் இல்லை. பயம்.

நாங்கள் இருப்பது பழைய மூன்று மாடி வீடொன்றின் நடு மாடி. கீழே ஒரு பிரெஞ்சு அம்மா தனியே இருக்கிறா. அவவின் குசினிக் கூரைக்கு மேலேதான் எங்கள் ஸிங்க். நான்கு மாதத்துக்குள் இரண்டு தரம் அது நிரம்பி வழிந்து அந்தக் கூரையை நனைத்துவிட்டது. இரண்டு தரமும் மீன்தான் காரணம். தமிழ்க்கடையில் வாங்குகிற உறைந்த மீன் கல்லு மாதிரி இருக்கும். எங்கள் ஆட்கள் செய்கிற மாதிரி பையோடு ஸிங்கில் போட்டு மேலே தண்ணீரைத் திறந்துவிடுவோம். ஐஸ் இளகினதும் பை நழுவி, தண்ணீர் போகிற ஓட்டையில் போய் ஒட்டிக்கொள்ளும். முதல் தரம் திறந்துவிட்டு வாசல் பனியைத் தள்ளப் போனது நான். இரண்டாம் தரம் மனைவி, தங்கச்சியோடு டெலிபோனில் கதைத்தபடி.

வீட்டுக்காரர் வந்து கூரையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். மூன்றாம் தரம் நடந்தால் வழக்குப் போட்டு வீட்டைவிட்டு எழுப்புவேன் என்று பிரெஞ்சில் ஒருக்கா, விளங்காமல் போய்விடுமோ என்று இங்கிலிஷில் ஒருக்கா சொன்னார். பத்தொன்பது வருடமாக இருக்கிற வீடு. மனைவிக்கு முழங்கால் சரியில்லை, கார் ஓடவும் தெரியாது. கோயிலுக்கு நடந்து போகிற தூரத்தில் இப்போது வேறு வீடு எங்களால் எடுக்க முடியாது. அன்றிலிருந்து குழாய்ச் சத்தம் கேட்டாலே எழும்பிப் போய்ப் பார்ப்பேன்.

இணையத்தில் தேடியபோதுதான் அந்தச் சாமானைக் கண்டேன். குழாயின் நடுவில் பூட்டுகிற ஒரு சின்னப் பிளாஸ்டிக் துண்டு. உள்ளே ஒரு சக்கரம். தண்ணீர் ஓடினால் சுற்றும், சுற்றச் சுற்ற வயரில் துடிப்பு வரும். அதை எண்ணுவதற்கு உள்ளங்கை அளவில் ஒரு கம்ப்யூட்டர் போர்ட். ஐந்து நிமிடம் விடாமல் தண்ணீர் ஓடினால் என் போன் கத்தும். இரண்டையும் வாங்கிவிட்டேன். வீடியோவில் ஒருவர் சிவப்பு, கறுப்பு, மஞ்சள் என்று மூன்று வயரையும் சட்டுப்புட்டென்று போர்டில் குத்தினார். எனக்குக் குத்தக் கை வரவில்லை.

நகருக்கு வெளியே புவாண்ட்-கிளேரில் நான் வேலை செய்கிற பண்டகசாலையில், மெஷின் திருத்துகிற பிரிவில் ஒரு சென்னைப் பெண் இருக்கிறார். எலெக்ட்ரானிக்ஸ் படித்தவர். சாப்பாட்டு நேரம் அவரிடம் சொன்னேன்.

"மஞ்சள் வயரை நேரா போர்டுல குடுக்கப் போறீங்களா?"

"ஓம். வீடியோவிலை அப்பிடித்தான் காட்டினவை."

"ஐயோ அண்ணா, வேணாம். செத்துடும்."

"ஆர், நானோ?"

"போர்டுண்ணா! நீங்க நல்லாத்தான் இருப்பீங்க."

சிரித்துவிட்டு, சாப்பாட்டுப் பெட்டி துடைக்கிற கடதாசியில் கீறிக் காட்டினார். சென்சர் ஓடுவது ஐந்து வோல்ட்டில். மஞ்சள் வயரில் வருகிற துடிப்பும் ஐந்து வோல்ட். வயரைக் குத்துகிற போர்டின் ஊசி தாங்குவது மூன்று புள்ளி மூன்றுதான். அதனால் மஞ்சள் வயருக்கும் ஊசிக்கும் நடுவில் ஒரு ரெசிஸ்டர். அதைப்போல் இரண்டு மடங்கு பெரிய இன்னொன்று, ஊசியிலிருந்து கறுப்பு வயருக்கு. அப்போது ஊசிக்கு மூன்றில் இரண்டு பங்குதான் போகும். சென்சரின் கறுப்பும் போர்டின் கறுப்பும் ஒன்றாகச் சேர வேண்டும். வயரைத் தொடும்போது கரண்ட் இருக்கக்கூடாது. "கடைசியா, ஊசில குத்துறதுக்கு முன்னாடி வோல்ட் அளக்கிற மீட்டர் வச்சுப் பாருங்க. பார்க்காம குத்தினீங்கன்னா என்கிட்ட வந்து அழக்கூடாது."

ஞாயிறு பூசை முடிந்து வந்து குசினி மேசையில் எல்லாவற்றையும் பரப்பினேன். ரெசிஸ்டரின் அளவைச் சொல்கிற நிறக் கோடுகளை என் கண் நம்பவில்லை. ஒவ்வொன்றையும் மீற்றரில் மூன்று தரம் அளந்தேன். சக்கரம் சுற்ற வேண்டுமே என்று சென்சருக்குள் வாயால் ஊதினேன்.

மனைவி வாசலில் நின்று பார்த்தா. "இஞ்சருங்கோ, புல்லாங்குழலோ வாசிக்கிறியள்?"

"கொஞ்சம் பேசாமல் நில்லும்."

"தண்ணிக்குள்ளை கரண்டை விட்டு என்னை மேலை அனுப்பப்போறியள். அதுக்கு முதல் பாவசங்கீர்த்தனம் செய்ய எண்டாலும் நேரம் தாங்கோ."

மஞ்சள் வயரில் மீற்றர் நாலே முக்காலுக்கு மேல் காட்டியது. அதைத்தான் நான் நேரே குத்த இருந்தேன். ரெசிஸ்டர் இரண்டையும் பூட்டி மறுபடி ஊதினேன். மூன்றுக்குச் சற்று மேலே ஏறி நின்றது. கரண்டைக் கழற்றி, வயரை ஊசியில் குத்தி, கரண்டைத் திரும்பக் கொடுத்தேன். புகை வரவில்லை. ஊதினேன், போன் திரையில் எண் ஏறியது.

அதற்குப் பிறகுதான் பெரிய பயம். குழாயைக் கழற்றிப் பூட்டுகிற இடத்தில் கசிந்தால் நானே மூன்றாம் வெள்ளத்தைக் கொண்டுவந்தவன் ஆவேன். வால்வை மூடி, மரைக்கு வெள்ளை நாடா சுற்றி, இறுக்கி, கீழே கடதாசி விரித்துவிட்டுப் பின்னேரம் முழுக்க அதற்கு முன்னால் இருந்தேன். ஒரு பொட்டு ஈரமும் இல்லை. போர்டை ஐஸ்கிரீம் பெட்டிக்குள் வைத்து, சென்சரைவிட உயரத்தில், ஸிங்குக்குக் கீழ் அலுமாரியின் சுவரில் திருகினேன். வயரைக் கொஞ்சம் கீழே தொங்கவிட்டேன். தண்ணீர் வழிந்து வந்தாலும் அந்த வளைவில் சொட்டிவிடும், பெட்டிக்குள் போகாது.

ஆனால் அன்றிலிருந்து நான் மனைவிக்குப் பொலிஸ்காரன் ஆனேன். வேலையிடத்தில் போன் கத்தும். உடனே மனைவிக்கு எடுப்பேன்.

"தண்ணி ஓடுது!"

"ஓடுது. சட்டி கழுவிறன்."

"ஐஞ்சு நிமிசமாய் ஓடுது."

"நண்டுச் சட்டி. வேணுமெண்டால் நீங்கள் வந்து கழுவுங்கோ. நான் என்ன, களவெடுக்கிறனே?"

இரண்டாம் கிழமையில் போன் கத்துவது நின்றுவிட்டது. திருந்திவிட்டா என்று நினைத்தேன்.

தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. அன்றைக்கு எங்கள் வீட்டில் இறைச்சி இல்லை, மீன். முதல்நாள் வாங்கிய பாரை குளிர்ப்பெட்டியில் கல்லாக இருந்ததை என் கண்ணால் கண்டுதான் வேலைக்குப் போனேன். பின்னேரம் இரண்டரைக்குப் போனில் தண்ணீர்க் கணக்கைப் பார்த்தால் பத்து மணியிலிருந்து பூச்சியம். மீன் இளக்காமல் என்ன செய்கிறா? எடுத்தேன். அவவின் போன் நிறுத்தியிருந்தது. திரும்ப எடுத்தேன். அப்போதுதான் நினைவு வந்தது, மூன்று மணிக்குக் கோயிலில் சிலுவைப்பாதை.

சென்னைப் பெண்ணிடம் ஓடினேன். "போர்ட் எரிஞ்சுபோச்சோ?"

"எரிஞ்சா நம்பரே வராதுண்ணா. ஜீரோன்னா தண்ணி ஓடலைன்னு அர்த்தம். நல்லதுதானே?"

"எனக்கு நல்லதாய்த் தெரியேல்லை."

அவர் யோசித்தார். "இல்லன்னா, ரொம்ப மெல்லிசா ஓடினா சக்கரம் சுத்தாது. பெட்டில ஒரு சீட்டு இருந்திருக்குமே, நிமிஷத்துக்கு ஒரு லிட்டர்லேர்ந்துதான் எண்ணும்னு."

அந்தச் சீட்டை நான் வாசித்திருந்தேன். ஒரு லீட்டருக்குக் கீழே தண்ணீரை யார் திறப்பார்கள் என்று நினைத்துக் கடந்துபோயிருந்தேன்.

மேற்பார்வையாளரிடம் வயிற்றுக்குத்து என்றேன். ஜக்கெற்றை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டேன். பஸ் எல்லா நிறுத்தத்திலும் நின்றது. மெத்ரோ ரயிலில் கதவோடு ஒட்டி நின்று, கீழ் வீட்டு அம்மாவின் கூரையில் மஞ்சள் கறை விரிவதை மனதில் பார்த்துக்கொண்டு வந்தேன். எங்கள் தெருவில் ஐஸ். ஓட முடியாமல் ஓடினேன்.

சப்பாத்தோடு குசினிக்குள் போனேன். குழாயிலிருந்து தண்ணீர் நூல் மாதிரி, சத்தமே இல்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது. ஸிங்க் நிறைந்து, விளிம்புக்கு ஒரு விரல் அகலம் இருந்தது. அலுமாரிக்குள் என் போர்டின் பச்சை வெளிச்சம் ஒரு குறையும் இல்லாமல் எரிந்தது. குழாயை மூடினேன். ஜக்கெற்றைக் கழற்றத் தோன்றாமல் முழங்கை வரை கையை விட்டுப் பையை இழுத்தேன். தண்ணீர் சுழித்துக்கொண்டு இறங்கியது.

மனைவி கோயிலால் வந்தபோது நான் குசினிக் கதிரையில் இருந்தேன். ஒரு கை சொட்டச் சொட்ட.

"என்ன, வேலையால வெள்ளென வந்திட்டியள்? கை ஏன் நனைஞ்சிருக்கு?"

ஸிங்கைக் காட்டினேன். தண்ணீர் நின்ற உயரத்தை விரலால் காட்டினேன். அவ கையுறையைக் கழற்றாமலே மற்றக் கதிரையில் இருந்துவிட்டா.

"குறைச்சுத் திறந்தால் உங்கடை மெஷின் கத்தாது எண்டு போன கிழமைதான் கண்டுபிடிச்சனான்," என்றா. "சட்டி கழுவிறதும் அப்பிடித்தான். ஒரு சட்டிக்கு அரை மணித்தியாலம். கத்தினால் நீங்கள் எடுத்துப் பேசுவியள். அந்தப் பேச்சைக் கேக்க ஏலாமல்தான்."

மூன்று புள்ளி மூன்று வோல்ட்டுக்கு மேல் போகாமல் ஊசியைக் காப்பாற்ற நான் எவ்வளவு பாடுபட்டேன். இந்தப் பக்கம் எவ்வளவு கொடுத்தால் தாங்கும் என்று ஒரு நாளும் அளந்து பார்க்கவில்லை.

"போனைத் தாரும்," என்றேன்.

"ஏன்?"

"இனி உம்மடை போனிலை கத்தட்டும். என்ரையிலை இருந்து எடுத்துவிடுறன்."

"அப்ப நீங்கள் வேலையிலை என்ன செய்வியள்?"

"பயப்பிடுவன்."

அவ சிரிக்கவில்லை. போனைத் தந்தா. மீனை ஸிங்கிலிருந்து எடுத்துப் பெரிய சட்டியில் போட்டு மேசையில் வைத்தா.

அவ இப்போது குழாயை நன்றாகத் திறந்துதான் சட்டி கழுவுகிறா. போன் கத்தினால் தானே மூடுகிறா. மூன்றாம் தரம் இன்னும் நடக்கவில்லை. பண்டகசாலையில் வெள்ளிக்கிழமை இரண்டரை மணிக்கு என் கை தானாகச் சட்டைப்பைக்குப் போகும். அங்கே பார்க்க எனக்கு ஒரு எண்ணும் இல்லை. சில நாள் அவவின் நம்பரை அழுத்துகிற அளவுக்குப் போவேன், பிறகு போனைத் திரும்ப வைத்துவிட்டு அடுத்த பெட்டியைத் தூக்குவேன்.